அரை மணி நடை, நூறு வருஷக் கொட்டு

காலைக் கடிக்காத செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு என்னுடன் கிளம்புங்கள். அதிக தூரம் இழுத்துப் போய் உங்களைச் சிரமப்படுத்த மாட்டேன். மொத்தம் அரை மணி நேர நடைதான். ஆனால் அந்த அரை மணிக்குள் நூறு வருஷத்தைக் கடந்துவிடப் போகிறோம்!

ஊர், அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்தின் தலைநகரமான இண்டியானாபொலிஸ். "மோட்டார்ப் பந்தயம் நடக்கிற ஊர்தானே?" என்று உங்கள் வீட்டுப் பையன் குறுக்கே பாய்ந்து கேட்பான். வாஸ்தவந்தான். ஆனால் நான் போய்ச் சேர்ந்தது 2025 ஆகஸ்ட் மாதத்தில். அந்த மாதத்தில் ஒரு வாரம் மட்டும், மோட்டார்ச் சத்தத்தையும் தோற்கடிக்கும் வேறொரு சத்தம் அங்கே கேட்கும். அதுதான் கொட்டுச் சத்தம்.

ஹோட்டலில் லிஃப்டுக்குள் நுழைந்தேன். ஒரு வாலிபன் இரண்டு குச்சிகளால் தன் தொடையிலேயே தட்டிக்கொண்டு நின்றான். காப்பிக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பெண் காகிதக் கோப்பையின் மேல் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் 'சும்மா இரு' என்று அதட்டவில்லை. ஊரே அப்படி!

இந்த வாத்திய கோஷ்டிகளுக்கு 'டிரம் கோர்' என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் இரண்டு எழுத்தைக் கூடுதலாக எழுதுகிறார்கள்; சொல்லும்போது அவற்றை விழுங்கிவிடுகிறார்கள். முதல் நாள் இந்த ரகசியம் தெரியாமல், எழுதியிருக்கிறபடியே உச்சரித்து வைத்தேன். எதிரே இருந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அப்படிச் சொன்னால் 'பிணம்' என்று அர்த்தமாம்!

"இன்னும் சாகவில்லை, ஐயா, ஆனால் சாகப் போகிறது என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அந்த அம்மாளை மறந்துவிடாதீர்கள். பாதி வழியில் மறுபடி சந்திப்போம்.

வடக்கு முனையில்

நகரத்தின் வடபுறத்தில் அகன்ற புல்வெளி ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் நிற்கும் கட்டடந்தான் அமெரிக்கன் லீஜன் சங்கத்தின் தலைமை நிலையம். முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919-ல் ஆரம்பித்த சங்கம் அது. அந்தச் சங்கம் வேறு ஊருக்குப் போய்விடக் கூடாதே என்று, நகரத்தார் இங்கே பிரம்மாண்டமான யுத்த ஞாபக மண்டபம் ஒன்றையும் கட்ட முன்வந்தார்கள். 1927-ல் தளபதி பெர்ஷிங் வந்து கல் நாட்டினார். பழைய காலத்து கிரேக்க ஸமாதி மண்டபத்தின் சாயலில் அது இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

கொட்டுக்கும் இந்தக் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தில் பியூகிளும் முரசும் மிஞ்சிப் போயின. ஊதத் தெரிந்த ஆட்களும் மிஞ்சினார்கள். ஊருக்கு ஊர் லீஜன் கிளைகளும், மற்ற பழைய சிப்பாய்ச் சங்கங்களும், மாதா கோவில்களும், பிறகு போலீஸார் நடத்திய சிறுவர் கிளப்புகளும் அந்த வாத்தியங்களைத் தெருப் பிள்ளைகளின் கையில் கொடுத்தன. "தெருவில் வம்பு செய்யாதே, வா, இதை ஊது!" என்று சொன்னார்கள். அவ்வளவுதான். தொடங்கிவிட்டது.

பட்டாளத்தில் பிறந்த குழந்தை, பட்டாளத்தைப் போலவே வளர்ந்தது. மைதானத்தில் தேசக் கொடியைக் கொண்டுவந்து மரியாதை செய்ய வேண்டும். வரிசை நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டும். நடுவர்கள் கையில் அட்டையும் பென்ஸிலுமாக வரிசைக்குள்ளேயே புகுந்து நடப்பார்கள். ஒரு குச்சி முந்திவிட்டதா, ஒரு கோடு. ஒரு கால் பிந்திவிட்டதா, இன்னொரு கோடு. கோட்டுக்கு மார்க்கில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். மாமியார் வீட்டில் புது மருமகள் பரிமாறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இந்தக் கோடு போடும் முறை 1984-ல்தான் ஒழிந்தது.

பிள்ளைகள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? 1971-ல், வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, நியூஜெர்ஸியைச் சேர்ந்த கார்பீல்டு கேடட்ஸ் என்ற கோஷ்டி மைதானத்தில் சமாதானச் சின்னத்தின் வடிவத்தில் நின்றது. போட்டியை நடத்துகிறவர்களோ யுத்தத்தில் சண்டையிட்ட பெரியவர்கள்! எத்தனை புருவங்கள் நெரிந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதே வருஷம் வேறு ஐந்து கோஷ்டிகள், 'விதியும் பரிசும் நீங்களே தீர்மானிப்பது என்ன நியாயம்?' என்று கைகோத்துக் கிளம்பின. அதிலிருந்து பிறந்ததுதான் 'டிரம் கோர் இண்டர்நேஷனல்' என்ற அமைப்பு. 1972-ல் விஸ்கான்ஸின் மாகாணத்து வைட்வாட்டரில் தன் முதல் போட்டியை அது நடத்தியது. கலிபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் கோஷ்டி ஜெயித்தது.

வேடிக்கையைப் பாருங்கள்! பெற்றோரிடம் கோபித்துக்கொண்டு தனிக் குடித்தனம் போன அந்த அமைப்பு, 2008-ல் தன் அலுவலகத்தை இதே இண்டியானாபொலிஸுக்கு மாற்றிக்கொண்டது. இப்போது வடக்கே தகப்பன் வீடு, தெற்கே பிள்ளையின் திருவிழாப் பந்தல். நடுவே நாம்.

கம்பத்தடியில்

மெரிடியன் தெரு வழியாகத் தெற்கே நடந்தால் வட்டமான சதுக்கம் ஒன்று வருகிறது. நடுவில் ஏறக்குறைய 285 அடி உயரத்தில், சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் 1902-ல் திறந்து வைத்த ஞாபகக் கம்பம். சுற்றிலும் படிக்கட்டுகள். அங்கே உட்கார்ந்திருந்தாள் காப்பிக் கடை அம்மாள். வயது எழுபத்தைந்துக்குக் குறையாது. மேல்சட்டையில் இடமில்லாமல் பாட்ஜுகள்.

அறுபதுகளில், பெண்கள் மட்டுமே சேர்ந்த ஒரு கோஷ்டியில் கொடி பிடித்தவளாம். அண்ணன் சேர்ந்திருந்த கோஷ்டியில் பெண்களுக்கு இடமில்லை. அப்போது அப்படிப் பல இருந்தன. அவற்றுள் பேர்போன ஒன்றான மாடிஸன் ஸ்கௌட்ஸ் 2019-ல்தான் எல்லோருக்கும் கதவைத் திறப்பதாக அறிவித்தது.

"இங்கே தகராறு எதைப் பற்றி?" என்று கேட்டேன். அம்மாள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

பழைய பட்டாள பியூகிளில் சுரம் மாற்ற வால்வு கிடையாது. உதட்டாலேயே ஊத வேண்டும். பிறகு ஒரு வால்வு வந்தது. 1977-ல் இரண்டு. 1990-ல் மூன்று. 2000-ல் 'ஜி சுருதியில்தான் இருக்க வேண்டும்' என்ற விதியும் போயிற்று. அதோடு பியூகிளும் போய் டிரம்பெட் வந்துவிட்டது. மார்பில் மாட்டிக்கொண்டு நடந்த பெரிய வாத்தியங்கள் எண்பதுகளில் மைதானத்தின் முன்னால் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டன. 2004-ல் மைக் வந்தது. 2009-ல் மின்சார வாத்தியம் வந்தது. 2014-ல் டிராம்போனும் உள்ளே வந்தது. அதே வருஷம் ஒஹையோவின் ப்ளூகோட்ஸ், மின்சாரத்தின் துணையோடு சுரத்தையே வழுக்கி விழச் செய்து கூட்டத்தை எழுப்பி நிறுத்தியது. 2016-ல் அதே கோஷ்டி தொப்பியையும் பட்டாளச் சட்டையையும் கழற்றி எறிந்துவிட்டு, வெள்ளை உடையில் சரிவுப் பலகைகளில் ஏறிச் சறுக்கி, முதற் பரிசையும் தட்டிக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் பட்டாளச் சட்டை போடுகிற கோஷ்டியைத் தேடிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

பழைய ரசிகர்களைக் கேட்டால், "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிவிட்டது" என்கிற பாவனையில்தான் பேசுகிறார்கள். புதியவர்களோ, "காலத்தோடு ஒட்டாவிட்டால் யார் வருவார்கள்?" என்கிறார்கள். கிளாரினெட், சாக்ஸபோன், புல்லாங்குழல் ஆகியவற்றுக்கு மட்டும் இன்னும் அனுமதியில்லை. அதுவும் வந்துவிட்டால் பள்ளிக்கூட பாண்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதுதான் இன்றைய பெரிய கேள்வி என்றார்கள் பலர்.

"உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று அம்மாளைக் கேட்டேன்.

"என் புருஷனுக்கு மைக் என்றாலே ஆகாது. எனக்கு மைக்கைப் பற்றிக் கவலையில்லை. என் பேத்தியைப் பற்றித்தான் கவலை" என்றாள்.

பேத்தி என்னவானாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், முதல் நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பார்த்ததைச் சொல்லிவிட வேண்டும். நடந்துகொண்டே கேளுங்கள்.

லாரிக்குள் ஒரு சமையலறை

ஒரு கோஷ்டியில் 165 பேர் வரை இருக்கலாம். பள்ளிக்கூட, கல்லூரி மாணவ மாணவியர். கோடை தொடங்குமுன் இருபத்திரண்டு நிறைந்துவிட்டால் இடமில்லை. மே மாதக் கடைசியில் கூடி, பொழுது விடிந்தது முதல் இரவு வரை பயிற்சி. பிறகு ஆகஸ்ட் வரை ஊர் ஊராகப் பிரயாணம். இரவில் பஸ்ஸில் தூக்கம். அல்லது ஏதாவது பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில், தரையில் படுக்கையை விரித்துத் தூக்கம். இவ்வளவும் பத்துப் பன்னிரண்டு நிமிஷ நிகழ்ச்சி ஒன்றுக்காக! கோடை முழுவதும் அதே பன்னிரண்டு நிமிஷம். அதையே இழைத்து இழைத்து மெருகேற்றுகிறார்கள்.

நான் போன பள்ளிக்கூடத்தின் பின்புறம் நீண்ட லாரி ஒன்று நின்றது. எட்டிப் பார்த்தேன். உள்ளே முழுச் சமையலறை! அடுப்பு, குளிர்பெட்டி, பாத்திர அலமாரி எல்லாம் அதற்குள்ளேயே. பிள்ளைகளோடு வாத்தியார்கள், டிரைவர்கள், உதவியாளர்களையும் சேர்த்தால் இருநூறு பேருக்குக் குறையாது. நாளைக்கு நான்கு வேளைச் சாப்பாடு. கணக்குப் போடுங்கள்: எண்ணூறு தட்டு! நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரே நாளைக்கு எண்ணூறு இலை போடுவதற்கு எத்தனை அமர்க்களம் செய்கிறோம்? இவர்கள் இரண்டரை மாதம், நாள்தோறும், ஊர் மாறி மாறிச் செய்கிறார்கள்.

சமைக்கிறவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள், சம்பளம் கிடையாது. விடுமுறை எடுத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு கோஷ்டியாக மாற்றிக்கொள்கிறார்கள். மரத்தடியில் ஒருத்தி தையல் மெஷினை வைத்துக்கொண்டு கிழிந்த கால்சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். மைதானத்தில் அந்தக் கால்சட்டை மின்னும்போது யாருக்கு அவள் நினைவு வரப்போகிறது?

மணி அடித்ததும் பிள்ளைகள் வந்தார்கள். வெயிலில் கருத்து, உதடு வீங்கி, முழங்காலில் கட்டுப் போட்டு. ஆனால் முகத்தில் என்ன பிரகாசம்! அவரவர் தட்டை ஏந்திச் சாப்பிட்டுவிட்டு, புல்லிலேயே பத்து நிமிஷம் கட்டையாய்ச் சாய்ந்தார்கள். விசில் ஊதியதும் எழுந்து ஓடினார்கள். 1960-ல் பியூகிள் ஊதியவனும் இப்படித்தான் ஓடியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது. வால்வு ஒன்றானால் என்ன, மூன்றானால் என்ன?

கதவு சுருங்குகிறது

அப்படியானால் வருத்தப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது மைக்கில் இல்லை; மடியில் இருக்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். பெரிய கோஷ்டிகளில் ஒரு கோடைக்கு ஐயாயிரம் டாலர், அதற்கு மேலும் ஆகிறது. அன்று பக்கத்துத் தெருப் பையன் மாலையில் நடந்து போய் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். இன்று தேசம் முழுவதும் பஸ், லாரி, பெட்ரோல், இன்ஷூரன்ஸ், மைதானத்தில் அரண்மனை போல ஜோடனை, அதை ஏற்றிச் செல்ல இன்னொரு லாரி! பார்க்க ஆனந்தந்தான். ஆனால் ஒவ்வொரு புதுமையும் கட்டணச் சீட்டில் ஒரு வரியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எழுபதுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறியதும் பெரியதுமாக நூற்றுக்கணக்கான கோஷ்டிகள் இருந்தன. இன்று கோடைப் போட்டிக்கு வரும் மாணவர் கோஷ்டிகள் நாற்பதுக்குச் சற்று முன்பின். 1967-ல் தோன்றி ஏழு முறை முதற் பரிசு பெற்ற சாண்டா கிளாரா வான்கார்டே, பண நெருக்கடியால் 2023-ம் வருஷக் கோடையில் களத்துக்கு வரவில்லை. 2024-ல்தான் திரும்பி வந்தது.

சமாதானச் சின்னம் போட்ட கேடட்ஸ் கோஷ்டியை நினைவிருக்கிறதா? 1934-ல் மாதா கோவில் ஒன்றின் நிழலில் பிறந்து, இந்த அமைப்பின் போட்டிகளில் பத்து முறை ஜெயித்த கோஷ்டி அது. 2018-ல் அதன் தலைவர் தங்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் பல பெண்கள் வெளிப்படையாகப் புகார் சொன்னார்கள். அவர் விலக வேண்டியதாயிற்று. பிறகு, பழைய காலத்துக் கொடுமை ஒன்றைப் பற்றிய வழக்கும் வந்தது. அதன் பளுவைத் தாங்க முடியவில்லை என்று 2024 ஜனவரியில் கோஷ்டியையே கலைத்துவிட்டார்கள். தொண்ணூறு வருஷம்!

இதைக் கேட்டு 'ஐயோ, கோஷ்டி போயிற்றே' என்று சிலர் அழுதார்கள். நியாயந்தான். ஆனால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு வேறொன்றும் தோன்றும் அல்லவா? மூன்று மாதம் வீட்டை விட்டு அனுப்புகிறோம். அங்கே யார் கண்ணாக இருந்து பார்த்துக்கொள்வார்கள்? சட்டையின் பளபளப்பையும் பழம் பெருமையையும் நம்பி யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். இனி வரும் காலத்தில் எந்தக் கோஷ்டி பிழைக்கும் என்பதைத் தீர்மானிக்கப் போவது, பணம் இல்லாத பிள்ளைக்கும் இடம் உண்டா, வந்த பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டா என்ற இரண்டு கேள்விகள்தான். புல்லாங்குழல் வரலாமா கூடாதா என்பதை அப்புறம் சாவகாசமாகச் சண்டையிட்டுக்கொள்ளலாம்.

நம்பிக்கைக்கும் இடமில்லாமல் போகவில்லை. உள்ளூரிலேயே சுற்றும் சிறு கோஷ்டிகள் இன்னும் இருக்கின்றன. தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் நின்று வாசிக்கும் எல்லா வயதினர் கோஷ்டிகள், முன்பு தனி அமைப்பாக இருந்தவை, 2024-லிருந்து இதே குடையின் கீழ் வந்துவிட்டன. வார இறுதியில் மட்டும் கூடுவதால் வேலையையும் விட வேண்டாம், சொத்தையும் விற்க வேண்டாம்.

தெற்கு முனையில்

பழைய செங்கல் ரயில் நிலையத்தைத் தாண்டியதும், அதோ, லூகாஸ் ஆயில் ஸ்டேடியம்! 2008-ல் திறந்தது. கூரை திறந்து மூடும். 2009 முதல் இறுதிப் போட்டி இங்கேதான்.

உள்ளே நுழைய அவசரப்பட வேண்டாம். வெளியே கார் நிறுத்தும் இடத்தில் கொட்டுக்காரர்கள் வட்டமாக நின்று கையைச் சூடு பண்ணிக்கொள்கிறார்கள். ஜனங்கள் மூச்சு விடாமல் சுற்றி நிற்கிறார்கள். பத்துப் பேர், இருபது குச்சி, ஒரே சத்தம். பிசிறு இல்லை. அங்கே மைக்கும் இல்லை, ஜோடனையும் இல்லை. 'பழைய டிரம் கோர் எங்கே?' என்று தேடுகிறவர்களை நான் இந்த இடத்துக்குத்தான் கையைப் பிடித்து அழைத்து வருவேன்.

சனிக்கிழமை இரவு பன்னிரண்டு கோஷ்டிகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் வர்ணிக்க இடமில்லை. முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன்: 1940-ல் தோன்றிய பாஸ்டன் குருசேடர்ஸ், இந்த அமைப்பின் பட்டத்தை முதல் முறையாக ஜெயித்தது. எண்பத்தைந்து வருஷம் காத்திருந்து! கூட்டத்தில் நரைத்த தலைகள் பல, குழந்தைகள் மாதிரி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதன. அவர்கள் ஊதிய பியூகிள் அன்று மைதானத்தில் இல்லை. அவர்கள் போட்ட சட்டையும் இல்லை. ஆனாலும் 'ஜெயித்தது நாங்கள்தான்' என்பதில் அவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது அம்மாளைத் தேடிப் பிடித்தேன். பேத்தியைப் பற்றிக் கேட்டேன்.

பேத்திக்கு வயது இருபது. மெலஃபோன் என்ற கொம்பு வாசிக்கிறாள். குளிர்காலத்தில் நடந்த தேர்வில் ஒரு பெரிய கோஷ்டியில் இடமும் கிடைத்துவிட்டதாம். வீட்டில் பணம் புரளவில்லை. இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, மளிகைக் கடையில் வேலைக்குப் போய்ச் சேர்த்துவைக்கிறாள். 2026 கோடையில் இருபத்தொன்று. அதற்கப்புறம் வயது தாண்டிவிடும்.

"இன்று கூட வந்திருக்கலாமே?" என்றேன்.

"கூப்பிட்டேன். டிக்கெட் காசை உண்டியலில் போட்டுவிடு, பாட்டி என்று சொல்லிவிட்டாள்" என்றாள் அம்மாள்.

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. தூரத்தில் எவனோ ஒருவன் காலிப் பீப்பாயின் மேல் தட்டிக்கொண்டிருந்தான். அம்மாளின் விரல்கள் கைப்பையின் மேல் அவளை அறியாமலே அதே தாளத்தைப் போட்டன.

நேயர்களே, நான் அங்கிருந்து விடைபெற்றுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் கால்களுக்கும் ஓய்வு கொடுங்கள். அந்தப் பெண்ணின் உண்டியல் மே மாதத்துக்குள் நிறைய வேண்டுமென்று, விளக்கேற்றும்போது நீங்களும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.